தப்பியது விண்டோஸ் 7, இழந்தது லினக்ஸ்: மலையகக் கொமியூனிகேஷன் கடையொன்றின் நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துச் சிறு நகரமொன்றில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, ஸ்கேன், லெமினேட், தமிழ் டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், பாஸ்போர்ட் சைஸ் படம் என்று தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்குபவர்களின் காகித வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது. 2025 தீபாவளிக்கு முந்திய வாரம் இந்தக் கடையின் மூன்று வருடக் கோப்புகளைப் பணயத் தீநிரல் ஒன்று (ரான்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல்) ஒரே பின்னேரத்தில் பூட்டிவிட்டது.

கடையில் நான்கு கணினிகள், மூன்று குடும்பத்து இயங்குதளங்கள். (பள்ளிக்கூடப் புத்தகம் இதைப் பணிசெயல் முறைமை என்கிறது. கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) எது பாதுகாப்பு என்று கேட்டால் வழக்கமாக வரும் வரிசை லினக்ஸ், மெக், விண்டோஸ் 10, கடைசியில் விண்டோஸ் 7. இங்கே சேதம் அந்த வரிசைப்படி விழவில்லை. ஆதரவு முடிந்து ஐந்து வருடத்துக்கு மேலான விண்டோஸ் 7 மெஷினில் ஒரு கோப்புக்கும் கீறல் இல்லை. லினக்ஸ் மெஷினில் கிட்டத்தட்ட எல்லாம் போயிற்று.

கடையில் இருந்தவை

மேசை 1: விண்டோஸ் 7, இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரெம். பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனரும் பில் போடும் மென்பொருளும் இதில். யூபிஎஸ் கிடையாது, நேரே சுவர் பிளக்.

மேசை 2: விண்டோஸ் 10, ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி. டைப்பிங், டிசைன், இணைய வேலை எல்லாம் இங்கே. விண்டோஸும் ஒபிஸும் க்ராக் (பூட்டுடைத்த திருட்டுப் பிரதி). ஒரே கணக்கு, அதுவும் நிர்வாகி கணக்கு, கடவுச்சொல் இல்லை. நிரல் ஒன்று நிர்வாகி அதிகாரம் கேட்கும்போது எச்சரிக்கும் பயனர் கணக்குக் கட்டுப்பாட்டின் சறுக்கியை யாரோ அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். 4ஜி ரவுட்டரில் டேட்டா மிச்சம் பிடிக்க, இணைப்பை ‘மீட்டர் இணைப்பு’ என்று குறித்திருந்தார்கள். அப்படிக் குறித்தால் பெரும்பாலான இற்றைகள் (அப்டேட்) தானாக இறங்காது என்பது கடையில் யாருக்கும் தெரியாது.

மேசை 3: லினக்ஸ் மின்ட் 21, எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு. இதுதான் கடையின் கோப்புக் கிடங்கு. ‘வேலை’ என்ற கோப்புறை சம்பா (லினக்ஸ் கோப்புறையை நெட்வேர்க்கில் விண்டோஸுக்கும் பகிரும் மென்பொருள்) வழியாக எல்லா மெஷினுக்கும் பகிரப்பட்டிருந்தது. மேசை 2இல் அது இசட் டிரைவாகத் தெரியும். மேசை 1இன் ஸ்கேன் கோப்புறை மேசை 2இல் ஒய் டிரைவ்.

நான்காவது, கடைக்காரரின் மகனுடைய 2017 மெக்புக் எயார்.

அந்தப் பின்னேரம்

மூன்று மணிக்கு மேல் இடி தொடங்கியது. ஒக்டோபர் மாதத்தில் மலையகத்தில் இது அன்றாடம். யூபிஎஸ் இல்லாத மேசை 1இன் பிளக்கை வழக்கம்போலக் கழற்றிவிட்டார்கள். மற்ற இரண்டும் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தன.

புடவைக்கடை ஒன்றின் தீபாவளி விலைக்கழிவு போஸ்டருக்காக, உதவியாளர் பையன் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றின் க்ராக்கைத் தேடி இறக்கினான். கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பு, அதன் கடவுச்சொல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இப்படிப் பூட்டி வைப்பதற்கு ஒரு காரணம்தான்: இறங்கும்போது ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது. ‘நிறுவுமுன் டிஃபெண்டரை நிறுத்தவும்’ என்ற குறிப்பும் இருந்தது. டிஃபெண்டர் என்பது விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ். நிறுத்தினான். ஓடவிட்டான். மென்பொருள் திறக்கவில்லை. பதிலாக விண்டோஸ் அப்டேட் போல ஒரு ஜன்னல் வந்து சதவீதம் ஏறத் தொடங்கியது. விண்டோஸ் 10க்கு ஒக்டோபர் 14உடன் இலவச இற்றைகள் முடிகின்றன என்ற செய்தி அப்போதுதான் எல்லா இடமும் ஓடிக்கொண்டிருந்தது. அதனோடு ஏதோ சம்பந்தம் என்று நினைத்து, முடியட்டும் என விட்டுவிட்டு, ஆறரைக்குக் கடையைப் பூட்டினார்கள்.

காலையில் முதல் ஆளாக வந்தவர், அம்மாவின் சேமலாப நிதிப் பத்திரங்களை முந்திய நாள் ஸ்கேன் பண்ணக் கொடுத்தவர்.

“தம்பி, நேத்து குடுத்த பேப்பர் ரெடியா?”

“கொஞ்சம் பொறுங்க அக்கா, மெஷின் ஸ்லோவா இருக்கு.”

மெஷினில் வேகக் குறைவு எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கெழுத்து வால் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் ‘ரீட்மி’ என்ற உரைக்கோப்பு: பணம் கட்டு, 72 மணிநேரத்துக்குள் பேசினால் பாதி விலை.

முதல் ஒரு மணிநேரத்தில் கெட்டது

நான்கெழுத்து வால், பொய் அப்டேட் ஜன்னல், ரீட்மி, சி டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ என்ற புதுக் கோப்புறை. இவை ஸ்டொப் அல்லது டிஜேவியூ என்று அறியப்படும் பணயத் தீநிரல் குடும்பத்தின் அடையாளங்கள். அது பரவுவது பெரும்பாலும் க்ராக்குகள் வழியாக. விண்டோஸின் ஓட்டை எதையும் அது தேடிப் போக வேண்டியதில்லை, ஆளே கதவைத் திறந்துவிடுகிறார். ஆகவே ‘விண்டோஸ் 10க்கு ஆயுள் முடிந்ததால்தான்’ என்ற கடைக்காரரின் முதல் தீர்ப்பு தவறு. ஒரு வாரம் முந்தி நடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

பெரிய பிழை காலையில் நடந்தது. ஐந்து வாரம் பழைய பெக்கப் ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அதை நேரே மேசை 2இல் செருகினார்கள். இந்தக் குடும்பம் ஒருமுறை ஓடிவிட்டுப் போவதில்லை. விண்டோஸின் பணி அட்டவணையில் தன்னைப் பதிந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் புதுக் கோப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கும். பெக்கப் டிஸ்க்கின் பெயர்கள் கண் முன்னாலேயே மாறத் தொடங்கிய பிறகுதான் வயரைப் பிடுங்கினார்கள். அகர வரிசையில் பின்னால் இருந்த கோப்புறைகள் மட்டும் தப்பின.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் நெட்வேர்க் வயரைக் கழற்றி வைஃபையை நிறுத்து. அந்த மெஷினில் எந்த டிஸ்க்கையும் பென்டிரைவையும் செருகாதே. ரீட்மியையும் சிஸ்டம்ஐடி கோப்புறையையும் ஃபோனில் படமெடு. மெஷினை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் லைவ் பென்டிரைவில் எழுப்பிய வேறொரு கணினியில் வாசி. பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு பிரதி எடுத்து வை. இலங்கை சேர்ட்டுக்கு (நாட்டின் கணினி அவசர உதவி அமைப்பு) அறிவி. கடைசியாக, அந்த மெஷினில் பதிந்துவைத்த கடவுச்சொல் அனைத்தையும் வேறு மெஷினிலிருந்து மாற்று. இந்தக் குடும்பம் பல தடவைகளில் கடவுச்சொல் திருடியையும் சேர்த்தே கொண்டுவரும். கோப்புகளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும்போது கடையின் மின்னஞ்சலும் முகநூல் பக்கமும் போய்விடுவது இதனால்தான்.

பூட்டைத் திறக்க முடியுமா? ரீட்மியில் உள்ள தனி அடையாளம் ‘டி1’ என்று முடிந்தால், தீநிரல் தன் சேர்வரோடு பேச முடியாமல் உள்ளேயே இருந்த பொதுச் சாவியைப் பயன்படுத்தியிருக்கிறது. அந்தச் சாவி பின்னர் வெளிவந்தால் இலவசக் கருவியால் திறக்கலாம். இங்கே அடையாளம் அப்படி முடியவில்லை. ரவுட்டர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, தனிச் சாவி போய்விட்டது.

ஆனால் ஒரு வழி இருந்தது. இந்தக் குடும்பம் வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். தேசிய அடையாள அட்டை ஸ்கேன், வேர்ட் கோப்பு போன்றவை அந்த அளவுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் முழுதாகப் போயின. பெரிய கோப்புகள் வேறு கதை. கோயில் திருவிழாவுக்குப் பதிவுசெய்த எம்பி3 அறிவிப்பு, விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் இருந்தால் 150 கேபி என்பது சுமார் 10 விநாடி. வாலை வெட்டிப் பெயரை மாற்றி, ஒலித் திருத்தியில் முதல் 10 விநாடியை நீக்கினால் மீதி ஒழுங்காகப் பாடுகிறது. வீடியோக்கள் சிலவும் இப்படித்தான் மீண்டன, பழுதுபார்க்கும் கருவி ஒன்றுக்கு அதே கமராவில் எடுத்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தபின்.

லினக்ஸ் ஏன் இழந்தது

மேசை 3ஐத் திறந்து பார்த்தபோது தீநிரலின் சுவடு எதுவும் இல்லை. அது அங்கே ஓடவே இல்லை, ஓடவும் முடியாது. கோப்புகள் மட்டும் பூட்டியிருந்தன.

விடை, ரீட்மி கோப்பின் உரிமையாளர் பெயரில் இருந்தது. கடைக் கோப்புகளின் உரிமையாளர் கடைப் பயனர். ரீட்மிகளின் உரிமையாளர் ‘நோபடி’. சம்பாவில் கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக வருபவரின் எழுத்து அந்தப் பெயரில்தான் விழும். அதாவது மேசை 2இன் இசட் டிரைவ் வழியாக, நெட்வேர்க்கில் வந்த கை. லினக்ஸின் பார்வையில் அன்று நடந்தது தாக்குதலே இல்லை. அனுமதி பெற்ற ஒருவர் வந்து தன் கோப்புகளைத் திருத்தி, பெயர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். மேசை 2இன் கடிகாரம் பிழையாக ஓடியதால் அங்கே நேரங்களை நம்ப முடியவில்லை. கோப்பு உருவான நேரத்தைப் பதிவது மேசை 3 என்பதால் அங்கிருந்து ஒழுங்கான காலக்கோடு கிடைத்தது: முதல் ரீட்மி 3.52, கடைசி 5.20க்குச் சற்றுப் பின். அந்த நேரம் முழுக்க மேசை 1 பிளக் கழற்றிய நிலையில் இருந்தது. ஒய் டிரைவ் கிடைக்கவில்லை. விண்டோஸ் 7 தப்பியதற்கு இடிதான் காரணம்.

விருந்தினர் கதவு ஏன் திறந்திருந்தது? மூன்று தளர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று. நான்கு வருடம் முந்தி யாரோ ‘பெர்மிஷன் எரர்’ வந்தபோது முழுக் கோப்புறைக்கும் 777 (யாரும் வாசிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) போட்டுவிட்டார். சம்பாவில் விருந்தினர் அனுமதியைத் திறந்துவிட்டார். உபுண்டு வழியில் வரும் சம்பா அமைப்பில், தெரியாத பயனர்பெயரோடு வருபவரையும் விருந்தினராக ஏற்கும் வரி முன்னிருப்பாகவே (யாரும் எதையும் மாற்றாமலே) இருக்கும். ஆகவே யார் எந்தப் பெயரில் தட்டினாலும் உள்ளே வரலாம். போதாததற்கு, பழைய போட்டோகொப்பி மெஷின் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் மிகப் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே பேசும் என்பதற்காகச் சேர்வர் முழுவதையும் அந்தப் பழைய நெறிமுறைக்கு இறக்கியிருந்தார்கள்.

‘டைம்ஷிஃப்ட் ஓடுகிறதே, பெக்கப் இருக்கிறது’ என்று நம்பியிருந்தார்கள். டைம்ஷிஃப்ட் என்பது மின்டோடு வரும் பிரதியெடுப்புக் கருவி. முன்னிருப்பில் அது இயங்குதளத்தை மட்டும் எடுக்கும், ஹோம் கோப்புறையை விட்டுவிடும். எந்த நேரமும் திரும்ப நிறுவக்கூடிய லினக்ஸ் பத்திரமாக இருந்தது. கோப்புகள் அதில் இல்லை.

இயங்குதளங்களைப் பக்கத்தில் வைத்தால்

கோப்பைப் பூட்ட நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. பயனர் திறந்து எழுதக்கூடிய கோப்பை, அவர் பெயரில் ஓடும் நிரலும் எழுதலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் அடிப்படை விதி ஒன்றே. மெக்கில் ஆவணம், டெஸ்க்டொப் கோப்புறைகளுக்கு ஒரு அனுமதிக் கேள்வி வரும், ஆம் என்று அழுத்திவிட்டால் அதே கதை. ‘லினக்ஸில் ரூட் (நிர்வாகி) அதிகாரம் வேண்டும், அதனால் பயமில்லை’ என்பவர்கள் காக்கப்படுவது இயங்குதளம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடைக்கு வேண்டியது அடையாள அட்டை ஸ்கேன்கள்.

இருந்தும் நிர்வாகி அதிகாரம் ஓரிடத்தில் வித்தியாசம் செய்தது. விண்டோஸ், அந்த வசதி இயங்கினால், பின்னணியில் எடுத்து வைக்கும் நிழல் பிரதிகளை (கோப்புகளின் முந்திய பதிப்புகள்) அழிக்க அந்த அதிகாரம் வேண்டும். மேசை 2இல் சாதாரணக் கணக்கு ஒன்றும், தனி நிர்வாகிக் கடவுச்சொல்லும் இருந்திருந்தால், சி டிரைவின் முந்திய பதிப்புகளாவது மிஞ்சியிருக்க வாய்ப்பு இருந்தது. விண்டோஸ் நிறுவும்போது உண்டாகும் முதல் கணக்கு நிர்வாகி, கேள்வி வந்தால் ‘ஆம்’ அழுத்தினால் போதும். மின்டிலும் உபுண்டுவிலும் முதல் பயனருக்கு அதே அதிகாரம் உண்டு, ஆனால் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். கை அவசரத்தில் ஆம் அழுத்தும், கடவுச்சொல் தட்டும்போது ஒரு நொடி யோசிக்கும். பயனர் கணக்குக் கட்டுப்பாட்டின் முன்னிருப்பு நிலையை மைக்ரோசொஃப்ட்டே பாதுகாப்பு எல்லையாகக் கணிப்பதில்லை. எல்லை வேண்டுமானால் தனிக் கணக்குத்தான்.

அடுத்தது மென்பொருள் எங்கிருந்து வருகிறது என்பது. லினக்ஸ் மேசையின் உண்மையான பலம் இங்கேதான். படம் திருத்த ஜிம்ப் வேண்டுமென்றால் மின்டின் சொஃப்ட்வேர் மெனேஜரில் கையொப்பமிட்ட பொதியாக இலவசமாக இருக்கிறது. க்ராக் தேடிப் போகும் பழக்கமே அங்கே வளர்வதில்லை. எங்கள் ஊர்களில் இதற்கு ஒரு தனிக் கிளை உண்டு: ‘தமிழ் எழுத்துரு முழுத் தொகுப்பு’ என்ற பெயரில் சுற்றும் நிறுவிகள். பாமினி என்பது ஒரு சிறிய டிடிஎஃப் எழுத்துருக் கோப்பு. அதை எழுத்துருக் கோப்புறையில் போட்டால் முடிந்தது. அதற்கு நிறுவி தேவையே இல்லை, நிறுவியாக வந்தால் அதுவே சந்தேகத்துக்குப் போதுமான காரணம். இலங்கையில் தமிழ் தட்டச்சுக்குப் பயன்படும் ரெங்கநாதன் விசைப்பலகையும் லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸ்ஸோடு சேரும் எம்17என் பொதியிலேயே இருக்கிறது.

இப்படி லினக்ஸ் தரப்பே தரும் மென்பொருளும் கண்ணை மூடி நம்ப வேண்டியதல்ல. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையதளமே உடைக்கப்பட்டு, பின்கதவு வைத்த 17.3 பதிப்பின் வட்டுக்கோப்பு ஒரு நாள் விநியோகமானது. இறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுவது மட்டும் போதாது. அந்தத் தொகையையும் அதன் கையொப்பத்தோடு சரிபார்ப்பதே முறை. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் நூலகத்தில் பின்கதவு ஒன்று பிடிபட்டது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைவது அரை விநாடி தாமதமாகிறதே என்று பொறியியலாளர் ஒருவர் துருவியதால்தான் பெரும்பாலான நிலைப் பதிப்புகளுக்கு அது வந்து சேரவில்லை.

இற்றைகள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடன் நின்றன. அதன் விலை என்ன என்பதற்கு 2017 மே 12 பரவிய வானாக்ரை என்ற பணயத் தீநிரல் புழுவே சாட்சி. எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14ஆம் திகதியே இற்றை வந்துவிட்டது. போடாத மெஷின்கள் இரண்டு மாதம் கழித்து, யாரும் எதையும் அழுத்தாமலே விழுந்தன, பெரும்பாலானவை விண்டோஸ் 7. மேசை 1 அன்று பிளக்கில் இருந்து, வந்தது அந்த வகைப் புழுவாகவும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பு வேறு. விண்டோஸ் 10க்கு விரிவாக்கப்பட்ட இற்றைகள் வீட்டுப் பயனர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை உண்டு. க்ராக் போட்ட கடை மெஷினுக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது. மின்ட் இங்கே உபுண்டுவை விட ஒரு படி பின்னால்: உபுண்டு பாதுகாப்பு இற்றைகளைத் தானாகப் போட்டுக்கொள்ளும், மின்டில் அப்டேட் மெனேஜரின் விருப்பங்களில் போய் அதை இயக்க வேண்டும். மேசை 3இல் இற்றை வந்திருப்பதைக் காட்டும் கேடய அடையாளம் மாதக்கணக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மெக்கில் சேதம் இல்லை, அது பகிர்வோடு இணைந்திருக்கவில்லை. அறிமுகமில்லாத நிரலைத் தடுக்கும் கேட்கீப்பர், இயங்குதளக் கோப்புகளை மாற்றவிடாத முத்திரையிட்ட சிஸ்டம் வொல்யூம் எல்லாம் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே இயங்குவது நல்லதுதான். ஆனால் 2017 எயார் மெக்கின் மொண்டரே பதிப்பைத் தாண்டாது. ஆதரவு எப்போது முடியும் என்று அப்பிள் திகதி அறிவிப்பதில்லை, இற்றை வருவது மெல்ல நின்றுவிடும். மொண்டரேக்கு நின்றுவிட்டது.

பென்டிரைவ். கொமியூனிகேஷன் கடைக்கு நாள் முழுக்க வருவது இதுதான், அதில் பாதி ‘ஷோர்ட்கட் வைரஸ்’ கேஸ். ஒரு பாடசாலை மாணவர் கொண்டுவந்த பென்டிரைவை இரண்டு மேசையிலும் திறந்து பார்க்கலாம். விண்டோஸில் உள்ளே தெரிவது டிஸ்க்கின் பெயரில் ஒரேயொரு ஷோர்ட்கட். அதை அழுத்தினால் கோப்புகள் திறக்கும், கூடவே மறைந்திருக்கும் விபிஸ்கிரிப்ட் (விண்டோஸில் ஓடும் சிறு நிரல்) ஓடி, அடுத்துச் செருகும் பென்டிரைவில் ஏறிக்கொள்ளும். ‘எல்லாம் எங்க போச்சு’ என்று போர்மெட் போடுபவர்கள் உண்டு. ஒன்றும் போகவில்லை. கோப்புகளுக்கு ‘மறைவு’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு பண்புகள் ஏற்றப்பட்டிருக்கின்றன. கட்டளைச் சாளரத்தில் அட்ரிப் கட்டளையால் அந்த இரண்டையும் உள்கோப்புறைகள் உட்பட நீக்கினால் திரும்பி வரும். அதே பென்டிரைவை மின்டில் செருகினால் ஆவணங்கள், ஷோர்ட்கட், விபிஸ்கிரிப்ட் மூன்றும் பட்டியலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் அந்த மறைவுப் பண்பை மதிப்பதில்லை, ஸ்கிரிப்டை ஓட்டவும் தெரியாது. வாடிக்கையாளர் பென்டிரைவுக்கு முதல் வாசல் லினக்ஸ் மேசை என்று வைப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் நிரல் ஓட்டுவதற்காக அந்த மேசையில் வைனை நிறுவிவிடாதீர்கள். வைன் முன்னிருப்பில் முழு லினக்ஸ் டிஸ்க்கையும் இசட் டிரைவாகக் காட்டும். பணயத் தீநிரல் சில வைனில் அழகாகவே ஓடும்.

கணினி திருட்டுப் போனாலோ பழுதுபார்க்கக் கொடுத்தாலோ இயங்குதளம் தானாகக் காக்கும் என்று நம்ப முடியாது. குறியாக்கம் இல்லாத டிஸ்க்கை லைவ் பென்டிரைவால் எழுப்பிய யாரும் வாசிக்கலாம். விண்டோஸ் புரோவில் பிட்லொக்கர், மெக்கில் ஃபைல்வோல்ட் இரண்டையும் பின்னரும் இயக்கலாம். மின்டில் முழு டிஸ்க் குறியாக்கத்தை நிறுவும் வேளையிலேயே தெரிவுசெய்ய வேண்டும்.

திரும்பக் கட்டியது

மேசை 2க்கு எட்டாம் தலைமுறை ஐ5 செகண்ட்ஹேண்ட் மெஷின் ஒன்று, உண்மையான விண்டோஸ் 11 புரோ உரிமத்தோடு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் வேண்டும் என்பதால் பழைய ஐ5 கணக்கில் வராது. அந்தப் பழைய மெஷினில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஏற்றி மின்ட் 22 போட்டு, பென்டிரைவ் வாசலாக முன்மேசையில் வைத்தார்கள். பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனருக்கு விண்டோஸ் 7க்குப் பின் டிரைவர் இல்லை. ஆனால் நிறுவுமுன்பே லைவ் பென்டிரைவில் சோதித்ததில் லினக்ஸின் ஸ்கேனர் மென்பொருளான சேன் அதைப் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் 7 மெஷினில் பில் மென்பொருள் மட்டும், நெட்வேர்க் வயர் இல்லாமல்.

விண்டோஸ் 11இல் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் கடைக்காரரிடம் மட்டும். மீட்டர் இணைப்பு நீக்கம். டிஃபெண்டரில் ‘கட்டுப்படுத்திய கோப்புறை அணுகல்’ இயக்கப்பட்டது. இது 2017இலிருந்தே விண்டோஸில் இருக்கிறது, முன்னிருப்பில் அணைந்திருக்கும். அறிமுகமில்லாத நிரல் ஆவணக் கோப்புறையில் எழுத முயன்றால் தடுக்கும். நெட்வேர்க் டிரைவையும் பட்டியலில் சேர்க்கலாம். முதல் வாரம் நல்ல நிரல்களையும் தடுத்துத் தொல்லை தரும், அனுமதிப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்க்கப் பொறுமை வேண்டும்.

புது மெஷின் வந்த அன்றே ஒரு சிக்கல். 24எச்2 பதிப்பின் விண்டோஸ் 11 புரோ விருந்தினர் நுழைவை மறுக்கும், எஸ்எம்பி கையொப்பமும் கேட்கும். ‘வேலை’ கோப்புறை திறக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி மாற்றி விருந்தினரைத் திரும்ப அனுமதிக்கச் சொல்லும் காணொளிகள் ஏராளம். அதைச் செய்தால் பழைய கதவைப் புது மெஷினிலும் பொருத்தியதாகும். சரியான வேலை மறுபக்கத்தில்: சம்பாவில் விருந்தினர் வரியை நீக்கி, ஆளுக்கொரு பயனர், 777க்குப் பதில் 770 (உரிமையாளருக்கும் அவர் குழுவுக்கும் மட்டும் அனுமதி), எஸ்எம்பி 1 நீக்கம். போட்டோகொப்பி மெஷினுக்கு எஃப்டிபி வழியாக ‘வரவு’ என்ற தனிக் கோப்புறை, அது வேறெதையும் தொட முடியாது. ‘வேலை’ இரண்டாகப் பிரிந்தது: இந்த மாத வேலை எழுதலாம், முடிந்த வேலை எல்லாருக்கும் வாசிக்க மட்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான மாற்றம் பெக்கப்பின் திசை. முன்பு மேசை 2 தன் கோப்புகளைக் கிடங்குக்குத் தள்ளியது. தள்ளுபவருக்கு எழுதும் அனுமதி இருக்கும், எழுத முடிந்தவருக்கு அழிக்கவும் முடியும். இப்போது மேசை 3, வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்கில் மேசை 2க்குள் போய் மணிக்கொரு தடவை ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவி மூலம் இழுக்கிறது. ‘வேலை’ கோப்புறையையும் அதே முறையில், பகிரப்படாத வேறு டிஸ்க்குக்கு எடுக்கிறது. மாறாத கோப்புகள் பிரதிகளுக்கிடையில் ஹார்ட் லிங்க் (டிஸ்க்கில் உள்ள ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) ஆவதால் இடம் அதிகம் போகாது. நேரடிக் கோப்போடு ஹார்ட் லிங்க் போட்டால் அது பெக்கப்பே இல்லை, ஒன்று மாறினால் மற்றதும் மாறும்.

அதற்கு மேல் 1 டிபி வெளி டிஸ்க் இரண்டு, ஒன்று எப்போதும் கடைக்காரர் வீட்டில். செருகிய நிலையிலேயே இருக்கும் பெக்கப் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரச கிளவுட்டைப் பணயத் தீநிரல் தாக்கியபோது சேவை விரைவில் திரும்பியது, ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆதரவு முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள்.

டிஸ்க் மாற்றும் நாள் போயா தினம் (பௌர்ணமி விடுமுறை). கடை பூட்டு, மாதம் ஒருமுறை தவறாமல் வரும், யாரும் தனியாக நினைவுபடுத்தத் தேவையில்லை. மாற்றும்போது பழைய டிஸ்க்கிலிருந்து பத்துக் கோப்புகளை வெற்று மெஷின் ஒன்றில் மீட்டுத் திறந்து பார்ப்பது வேலையின் பகுதி. முதல் தடவை பத்தும் திறந்தன, மூன்று ஆவணங்களில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை. கோப்புகள் பழுதாகவில்லை. அவை பாமினியில் அடித்தவை, அந்த எழுத்துரு வெற்று மெஷினில் இல்லை. பெக்கப் பட்டியலில் எழுத்துருக் கோப்புறை அன்று பின்னேரம் சேர்க்கப்பட்டது.